சிவப்பனின் வயது

மார்ச் 3
சிறையிலிருந்து

அக்காவுக்கு,

நாற்பத்தொரு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இருக்கிறானா செத்தானா என்று கேட்கக்கூட உனக்கு மனசு வரவில்லை. மீன் தலையைப் பிளந்து காதுக்கல் எடுக்கிற வேலையில் நேரம் கிடைக்கவில்லையோ என்னவோ. அந்தக் கல்லுக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசியைக் கூடப்பிறந்தவனுக்குக் காட்டியிருக்கலாம்.

நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். அதை நம்பாதே. நான் சொல்கிறேன். ஜனவரி இருபத்தொன்று, காலை ஏழரை மணி இருக்கும். ஆழத்துப் பாறை மேட்டில் சிவப்பன் மீனுக்கு வலை இறக்கியிருந்தோம். ஒரு காலத்தில் அந்த மேட்டில் ஒரு இழுவைக்குப் படகு தாழும். இப்போது மூன்று இழுவைக்குப் பத்து மீன். பக்கத்துத் துறைக்காரர்கள் வந்து வழித்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று உனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் அவர்கள் படகு நம் வலைக்குக் குறுக்கே வந்தது. நீரோட்டம் வேறு. இடித்துவிட்டது. அவ்வளவுதான். நான் இடிக்கவில்லை, இடித்துவிட்டது. அவர்களில் அந்தப் படகு டிரைவரும் அவன் மைத்துனனும் செத்துப் போனார்கள். நம் பக்கம் இன்ஜின்காரர் போனார். மேல்தளத்தில் வலையோடு இருந்த இரண்டு பேரும் கடலுக்கு முதுகு காட்டி நின்றார்கள். அவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை.

இன்ஜின்காரரின் தம்பி சுருட்டையை நீ அறிவாய். அன்றைக்குக் காய்ச்சல் என்று கரையில் நின்றுவிட்டான். அண்ணனை இறக்கிய இடத்திலேயே உட்கார்ந்து தரையில் தலையை முட்டிக்கொண்டானாம். "எங்கண்ணனைக் கொன்னவன் ஊர்ல ஒரு படகு மிஞ்சாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஒன்றை மறக்காதே. மீனவர் சங்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் இருப்பது நீ எழுதிய கணக்கு. ‘சிவப்பன் ஒன்பதே வருஷத்தில் முழுசாக வளரும், அந்நியரை விரட்டினால் ஐந்து வருஷத்தில் மேடு நிறையும்.’ கீழே உன் ஆய்வுக்கூடத்தின் பெயர். அதைத் தலைவர் ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அக்கா எழுதியது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

திட்டுவதற்கு எழுதவில்லை. ஏன் எழுதாமல் இருந்தேன் என்று சொல்கிறேன், படித்துவிட்டு நீயே திட்டு.

படகு உடைந்தது, மூன்று பேர் செத்தார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. பெயர் வரவில்லை. நான் பேருந்து பிடித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். தாழ்வாரத்தில் மூன்று தள்ளுவண்டிகள், மூன்று போர்வைகள். அங்கே யாரும் இல்லை. நானே தூக்கிப் பார்த்தேன்.

முதலாவது ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. படகின் விசிறி அறுத்திருந்தது. இரண்டாவது ஆள் வாய் திறந்தபடி, பற்களுக்கு நடுவே வலை நூல். மூன்றாவது போர்வையைத் தொட்டுக்கொண்டு, இது என் தம்பியாக இருக்கக்கூடாது, வேறு யாராக இருந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டேன். இன்ஜின்காரர். நெஞ்சு தட்டையாக, நசுங்கிய பாத்திர மூடியைப் போல உள்ளே போயிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையாகவே ஒரு பெருமூச்சு விட்டேன். திரும்பினால் அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் விட்ட மூச்சைக் கேட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் அந்த மூச்சுதான் ஞாபகம் வரும்.

இனி கணக்கைப் பற்றி. மீனின் காதுக்கல் ஆண்டுக்கு ஒரு வளையம் போட்டு வளரும் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒன்பது என்று நான் எழுதியது, கல்லை நுண்ணோக்கியில் மேலோட்டமாக வைத்து எண்ணியது. ஒன்பது வளையம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்புறம் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மேலதிகாரியிடம் காட்டினேன். "படிக்க முடிஞ்சதை எழுதுங்க, படிக்க முடியாததை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்றார். எழுதினேன். சந்தேகம் இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

போன வருஷம் அந்தக் கல்லின் நடுப்பகுதியை மட்டும் சுரண்டி, வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். நடுப்பகுதி என்பது மீன் குஞ்சாக மேல்தண்ணீரில் திரிந்த முதல் வருஷத்தில் உண்டானது. அறுபத்தைந்து எழுபது வருஷத்துக்கு முன்னால் உலகம் அணுகுண்டை வெடித்து வெடித்துச் சோதித்துப் பார்த்ததே, அதில் கிளம்பிய கதிரியக்கக் கரி காற்றில் கலந்து, கடலில் இறங்கி, அதற்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு மீனின் கல்லிலும் பதிந்திருக்கிறது. அதற்கு முன்னால் பிறந்ததில் அது இருக்காது. முடிவு பிப்ரவரி நான்காம் தேதி வந்தது. பெரிய சிவப்பன்களில் அந்தத் தடம் இல்லை.

ஒன்பது இல்லை, தம்பி. அறுபத்தைந்துக்குக் குறையாது. கல்லில் இருக்கும் ஈயத்தை வேறொரு முறையில் அளந்து பார்த்தேன். அதுவும் அதையே சொல்கிறது. அந்தக் கறுப்புப் பட்டை முழுக்க வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கின்றன. சிவப்பன் முதல் முட்டை போடவே இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மேட்டைக் காலி செய்தவர்கள் பக்கத்துத் துறைக்காரர்கள் மட்டும் இல்லை. நீங்களும்தான், அவர்களும்தான். யாரை விரட்டினாலும் உன் காலத்தில் அது நிறையாது. உன் மகள் காலத்திலும் சந்தேகம்.

நான் இதை வெளியிடப் போகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

இதை ஜெயில் தபாலில் போடவில்லை. அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்காரி பார்க்க வரும்போது அழுக்குத் துணியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

வெளியிடாதே.

இங்கே பக்கத்துத் துறைக்காரர்கள் ஆறு பேர் வேறு வழக்கில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை குளிக்கும் இடத்தில் என்னை மடக்கினார்கள். ஒருவன் கால்களைப் பிடித்துக்கொண்டான், ஒருவன் இரும்பு வாளியால் முகத்தில் இறக்கினான். மேல் பற்கள் இரண்டு போய்விட்டன. ‘ச’ வராமல் சிரமப்படுகிறேன். வக்கீல் என்னிடம் சாட்சி என்று சொல்லச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வருகிறது. எனக்கு இதெல்லாம் பெரிசில்லை. இங்கே நம்மவர்கள் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். துறையைக் காப்பாற்றப் போய் உள்ளே வந்தவன் என்கிறார்கள். நீ போய், மேட்டில் காப்பாற்ற ஒன்றுமே இல்லை என்று சொன்னால் நான் யார்? கொலைகாரன். வெறும் கொலைகாரன்.

அதை விடு. உனக்கு வேறு ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடை தொடங்குகிறது, அவர்கள் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அன்று காலை பதினொரு படகு கிளம்புகிறது. வலைக்குப் பதிலாகக் கம்பி, அரிவாள், பெட்ரோல் நிரப்பிய பாட்டில். முன்னால் போகிற படகைச் சுருட்டை ஓட்டுகிறான். அவன் அண்ணனுக்காகப் போகிறான். இது முடிவாகிவிட்டது. இந்த நேரத்தில் நீ ஆய்வு, கல், கரி என்று வாயைத் திறந்தால் உன்னை நம் துறையில் உயிரோடு விடமாட்டார்கள். என் வீடும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு மீன் அறுபது வருஷம் இருந்தால் என்ன, அறுநூறு வருஷம் இருந்தால் என்ன. தட்டில் விழுந்தால் எல்லாம் ஒன்றுதான். உன் கல்லைக் கடலில் போடு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதனால் சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு படகு என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போலீஸிடம் சொன்னேன், புகார் எழுத்தில் வேண்டும், பெயர்கள் வேண்டும் என்றார்கள். பெயர் என்றால் முதலில் உன் பெயர். அதனால் நேரே ஏலக்கூடத்துக்குப் போனேன். சென்ற வியாழன், ஏலம் முடிந்த நேரம். கடைசியாகப் பிடித்துப் பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்திருந்த பெரிய சிவப்பனின் தலை ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டுப்பலகையில் வைத்துப் பிளந்து, கல்லை எடுத்துக் காட்டினேன். அவரைக்கொட்டை அளவு கல். சுற்றி ஒரு நூறு பேர் இருப்பார்கள். உனக்கு எழுதியதை அவர்களுக்கும் சொன்னேன்.

"இந்த மீன் பொறந்தப்போ இங்க நிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பொறக்கல" என்றேன்.

"அப்போ இத்தனை நாளா தாத்தாவையா தின்னோம்" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சங்கத் தலைவர் எழுந்தார்.

"சரிம்மா. அறுபத்தஞ்சுன்னு இன்னிக்குச் சொல்றீங்க. ஒன்பதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சு எழுதினீங்களா, தெரியாம எழுதினீங்களா?"

"சந்தேகம் இருந்துச்சு. இருந்தும் எழுதினேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. சுருட்டை முன்னால் வந்தான். அவன் மெலிந்து போயிருக்கிறான். என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டான். "அக்கா, அப்போ எங்கண்ணன் எதுக்குச் செத்தான்?"

"தெரியலடா" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எதைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பனிக்கட்டி உடைக்கும் மரச் சுத்தியல் பலகைக்குக் கீழே கிடந்தது. என் வலது கை பலகை மேல் இருந்தது, கல்லைப் பிடித்தபடி. "எழுதின கை இதுதானே" என்றான். முதல் அடியில் வலிக்கவில்லை, சத்தம்தான் கேட்டது. காய்ந்த குச்சியை முறிக்கிற மாதிரி. இரண்டாவது அடியில் கையை இழுக்கப் பார்த்தேன், பின்னால் நின்ற யாரோ என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது அடியை நான் பார்க்கவில்லை. மீன் வெட்டும் பெண்கள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்திக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. எனக்காக வாங்கிய அடி. துறைமுகத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இருந்த சின்ன அறையில் டீசலை ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். இருபது வருஷமாகக் கடிதவுறைகளில் தேதி போட்டு வைத்திருந்த கற்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எடுத்துவிட்டார்கள். மற்றது ஒட்டும் என்கிறார் மருத்துவர்.

போலீஸ் வந்து, யார் அடித்தது என்று கேட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உன் மனைவி கோபப்படுகிறாள். இரண்டு நாளாக அவள்தான் எனக்குச் சோறு ஊட்டுகிறாள். "அண்ணி, அவன் உங்க விரலை எடுத்திருக்கான்" என்கிறாள். அவனுடைய அண்ணனை என் கணக்கு எடுத்ததே என்று நான் சொன்னேன். அவள் எனக்கு ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது, அல்லது உன்னிடம் கேட்க.

பதினொரு படகும் போகத்தான் போகின்றன. என்னால் நிறுத்த முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கோணல் எழுத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது சுருட்டையைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. எப்படிக் கொல்வது என்றுகூட யோசித்தேன். இங்கே அதற்கெல்லாம் ஆள் கிடைப்பான். சுவரில் முட்டியால் குத்தி என் கையையும் கிழித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, துணிப்பையைக்கூடக் கொடுக்காமல் கேட்டாள். "அண்ணி கணக்கு இன்ஜின்காரரைக் கொன்னுச்சுன்னு அவங்க சொல்றாங்க. நிஜமாவே கணக்குதானா?" நான் பைக்குக் கையை நீட்டினேன். "நீங்க தூக்கத்துல என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். கைதாகறதுக்கு முந்தி ரெண்டு ராத்திரி வீட்டுலதான் படுத்திருந்தீங்க" என்றாள். பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாளே திரும்பி வந்தாள். இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தாள்.

சொல்லிவிடுகிறேன். நீரோட்டம் இல்லை. அன்றைக்குக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

அவர்கள் படகு குறுக்கே வரவில்லை. நூறு அடி தள்ளி, அவன் வழியில் போய்க்கொண்டிருந்தான். நான் அப்போது மூன்றாவது இழுவை மேலே வந்ததைப் பார்த்துவிட்டேன்: நான்கு மீன். அவன் தளத்தில் இரண்டு பெட்டி நிறையச் சிவப்பு. அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். கேலி செய்தானா, வணக்கம் சொன்னானா, தள்ளிப் போ என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேலி என்று எடுத்துக்கொண்டேன். சுக்கானை முழுசாக அவன் பக்கம் திருப்பினேன்.

நம்முடையது பழைய படகு. வேகம் என் கையில் இல்லை, கீழே இன்ஜின் அறையில் இன்ஜின்காரர் கையில். திருப்பின வேகத்தில் அவர் தடுமாறியிருக்க வேண்டும். படிவழியாகக் குரல் கொடுத்தார். "என்னடா தம்பி, குறைக்கட்டுமா?"

"குறைக்காதீங்கண்ணே, முழுசா விடுங்க" என்றேன்.

விட்டார். நான் சொன்னால் கேள்வி கேட்க மாட்டார்.

நம் முனை இரும்பு, அவன் படகு மரம். இடித்த சத்தத்தை விட மரம் கிழிந்த சத்தம் அதிகம். அந்த டிரைவர் நம் படகுக்கு அடியில் போனதை என் கண்ணால் பார்த்தேன். பின்பக்கம் தண்ணீர் சிவப்பாகச் சுழன்றுகொண்டு வந்தது. மைத்துனன் நம் வலையைப் பிடித்துக்கொண்டு, மேலே வரப் பார்த்தான். வலையோடு நின்ற இருவரும் இடியில் கீழே விழுந்து கிடந்தார்கள். நான் சுக்கானை விட்டுவிட்டுப் போய் அவனைத் தூக்கியிருக்கலாம். பத்தடி தூரம். நான் போகவில்லை. அவன் நூலைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே மூழ்கிப் போனான். பல்லில் நூல் இருந்தது என்று நீ எழுதினாயே, அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் கீழே சத்தமே இல்லை என்று உறைத்தது. இன்ஜின் அடித்தளத்தோடு பெயர்ந்து, அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியிருந்தது. நான் போனபோது உயிர் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தைதான் கேட்டார். "பாறையா?"

ஆமாம் என்றேன்.

சுருட்டையிடம், அண்ணனை அவர்கள்தான் இடித்துக் கொன்றார்கள் என்று சொன்னவன் நான். உன் ஒன்பது யாரையும் கொல்லவில்லை அக்கா. ஒன்பது என்றாலும் அறுபத்தைந்து என்றாலும் அந்தக் காலையில் நான் திருப்பியிருப்பேன்.

என்ன செய்ய? வக்கீலுக்குக்கூட இது தெரியாது. சொன்னால் வெளியே வரவே முடியாது. சொல்லாவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடலாம் என்கிறார்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் மனைவி கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அழவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள்.

என்ன செய்ய என்று கேட்கிறாய். நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீ செய்தால், பிறகு பத்து வருஷம் என்னைத்தான் நொந்துகொள்வாய். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. உன் கடிதத்தை நான் போலீஸிடம் கொடுக்கவும் மாட்டேன். எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் ஒன்பது யாரையும் கொல்லவில்லை என்று எழுதி எனக்கு ஆறுதல் சொல்லாதே. நீ சுக்கானைத் திருப்பினாய், சரி. அந்த மேட்டை ஐந்து வருஷத்தில் திரும்பக் கிடைக்கிற சொத்து என்று உன்னை நம்ப வைத்தது யார்? என் பங்கை என்னிடம் விட்டுவிடு. உன் பங்கை நீ எடுத்துக்கொள்.

இன்றைக்கு ஒன்பதாம் தேதி. ஆறு நாள் இருக்கிறது. சுருட்டை காலையில் தெருமுனையில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்ததை உன் மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்திருக்கிறாள். "மாமா எதுக்குத் தீட்டுறாரு?" என்று என்னிடம் கேட்டாள். விறகு வெட்ட என்று சொன்னேன். உங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அக்கா


ஏப்ரல் 18
சிறையிலிருந்து

அக்காவுக்கு,

இதை ஜெயில் தபாலிலேயே அனுப்புகிறேன். படிக்கிறவர் படிக்கட்டும். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

பதினோராம் தேதி சுருட்டையை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தான். படகு விஷயமாக யோசனை சொல்லப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பான். கம்பிவலைக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"சுருட்டை, உங்கண்ணனை அவங்க கொல்லல" என்றேன்.

"என்ன சொல்ற?"

"நான்தான் திருப்பினேன். முழுசா விடச் சொன்னதும் நான்தான். அவரு கீழ இருந்தாரு."

கம்பிவலையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஒரு சின்னத் திறப்பு உண்டு. அவன் அதில் கையை விட்டு என் சட்டையைப் பிடித்தான். இழுத்தான். என் முகம் கம்பியில் மோதியது. விட்டு மறுபடி இழுத்தான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நான் கையைத் தூக்கவில்லை என்று பெருமைக்குச் சொல்லவில்லை, தூக்க வரவில்லை. காவலர்கள் லத்தியால் அவன் கையில் அடித்து அடித்துத்தான் விடுவிக்க முடிந்தது. மூக்கெலும்பு உடைந்துவிட்டது. கன்னத்தில் வலை அச்சு அப்படியே சதுரம் சதுரமாக இருக்கிறது. அவன் கடைசிவரை ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மாஜிஸ்திரேட்டை வரவழைத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் கையைக் கழுவிவிட்டார்.

பதினைந்தாம் தேதி நடந்தது உனக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்கு வந்த செய்தியை எழுதுகிறேன். காலையில் பதினொரு படகும் தயாராக நிற்கும்போது நான்கு நாளாகக் கண்ணில் படாத சுருட்டை கையில் கோடரியோடு படகுத்துறைப் பாலத்தில் வந்திருக்கிறான். யாரிடமும் பேசவில்லையாம். நேரே தலைவர் படகில் ஏறி, சுக்கானை வெட்டித் துண்டு துண்டாக்கியிருக்கிறான். தடுக்க வந்த தலைவர் மகனுக்குத் தொடையில் வெட்டு. அப்புறம்தான் நான் சொன்னதைக் கத்திச் சொன்னானாம். ஏழு படகு நின்றுவிட்டது. நான்கு படகு அப்படியும் போனது. நின்றிருக்கும் என்று நீ நினைத்திருந்தால், இல்லை. அவர்கள் படகு ஒன்று எரிந்தது, அதில் ஒருவனுக்கு முதுகு முழுக்க வெந்துவிட்டது. நம் ஆள் ஒருவனுக்கு ஒரு கண் போனது. செத்தவர்கள் யாரும் இல்லை. பதினொன்றும் போயிருந்தால் எத்தனை என்று கணக்குப் போடவேண்டியது உன் தொழில்.

இங்கே இப்போது எனக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. முன்பு அவர்கள் அடித்தார்கள். நேற்று நம்மவர்கள் அடித்தார்கள். விலா எலும்பு ஒன்றில் விரிசல். ஒரு விதத்தில் சமாதானம் வந்துவிட்டது, இரண்டு துறையும் ஒரே ஆளை அடிக்கிறது.

நீ வந்து பார்க்காதே. என் முகத்தை இப்போது பார்க்க வேண்டாம்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

பத்து வருஷம் என்று தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அறிக்கை வெளிவந்துவிட்டது. மேட்டில் சிவப்பன் பிடிக்கக் காலவரையறை இல்லாமல் தடை. இரண்டு துறைக்கும்தான். முதல் பக்கத்தில், ‘முந்தைய ஒன்பது ஆண்டு மதிப்பீடு தவறு, தவறு என் பொறுப்பு’ என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி அந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. என்னைக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். எரிந்த கற்களுக்குப் பதிலாக ஒரு கல்கூட இனி அந்த மேட்டிலிருந்து வராது. வரக்கூடாது.

இன்ஜின்காரர் மனைவியைப் பார்க்கப் போனேன். சுருட்டை வாசலில் நின்றிருந்தான். அவன் மேல் வழக்கு இருக்கிறது, ஜாமீனில் இருக்கிறான். என் கையைப் பார்த்தான். நகர்ந்து வழி விட்டான். அவ்வளவுதான். மன்னிப்பு என்று எதுவும் அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேசினோம்.

"துறையில அவரைத் தியாகின்னாங்க" என்றாள். "பக்கத்துத் துறையில கொலைகாரன்னாங்க. அந்த டிரைவர் பொண்டாட்டி எனக்கு ஆள் விட்டுச் சொன்னா: உன் புருஷன்தான் இன்ஜினை முழுசா விட்டு என் புருஷனை அறுத்தான்னு. கோர்ட்டுலயும் அவர்தான் விட்டார்னு வாசிச்சாங்க."

"விட்டது அவர்தான்" என்றேன். "பொய் சொல்ல மாட்டேன்."

"எதுக்குன்னு தெரிஞ்சு விட்டாரா?"

இதை யாரும் இதுவரை கேட்கவில்லை, தம்பி. நீதிபதி கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இன்ஜின் அறையிலிருந்து கடல் தெரியாது என்று சொன்னேன். கடைசியில் அவர் "பாறையா" என்று கேட்டதாக நீ எழுதியிருந்ததையும் சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ அவரு யாரையும் கொல்லல" என்றாள்.

"இல்லை."

"எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன் என்று பேனாவை இடது கைக்கு மாற்றினேன். அவள் தடுத்துவிட்டாள். "உங்க எழுத்து வேணாம். நீங்க எழுதினது ஒரு தடவை தப்பாயிருச்சு. உங்க தம்பி எழுதணும். அவன் கைப்பட. அந்த டிரைவர் பொண்டாட்டிகிட்ட நானே கொண்டுபோய்க் குடுப்பேன்."

நீ எழுதுவாயா?

அக்கா


ஜூலை 14
சிறையிலிருந்து

அக்காவுக்கு,

ஒன்பது தாள் கிழித்தேன். முதலில் எழுதியதிலெல்லாம் மன்னிப்பு மன்னிப்பு என்று என்னைப் பற்றியே வந்துகொண்டிருந்தது. கடைசியில் இவ்வளவுதான் வந்தது. தனித்தாளில் இருக்கிறது, இன்ஜின்காரர் மனைவிக்குச் சேர்த்துவிடு. உன் கையால் கொடுக்காதே, சுருட்டையிடம் கொடு, அவன் கொடுக்கட்டும்.

தம்பி

‘ஜனவரி இருபத்தொன்றாம் தேதி படகைத் திருப்பியவன் நான். எங்கள் இன்ஜின்காரர் அப்போது கீழே இன்ஜின் அறையில் இருந்தார். அங்கிருந்து கடல் தெரியாது. எதிரில் படகு இருப்பது அவருக்குத் தெரியாது. வேகத்தைக் குறைக்கட்டுமா என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சாகும்போது பாறையில் மோதிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். அவர் யாரையும் கொல்லவில்லை. மூன்று பேரையும் கொன்றவன் நான்.’